ஒன்பது கைநாட்டு

5-6-95, திங்கள்

காலையிலிருந்து தூறல். கரி நனைந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி சூடேற ஒன்பது மணி ஆயிற்று.

இந்த நோட்டின் முன்பக்கம் பாடத்துக்கு. ஞாயிறு மத்தியானம் சர்ச் பள்ளிக்கூடத்தில் ரோஸி டீச்சர் சொல்லித்தரும் பாடம். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் சரி போட்டு, தேதியும் போட்டிருக்கிறார். இன்று நோட்டைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இது எனக்காக. சிவப்பு மை கிடையாது. வயது அறுபத்தெட்டு. ஒரு வரி எழுத ஒரு சட்டை தேய்க்கும் நேரம். பரவாயில்லை. ஆனந்தமாக இருக்கிறது.

டீச்சர் சொன்னது: ஆள் பெயர் வந்தால் யார் என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நமக்கே தெரியாது.

என் வண்டி போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர் பிளாட்பாரம். பதினாறு வருஷம். ஸ்டேஷன் உடுப்பெல்லாம் என்னிடம்தான்.

இன்று எனக்கே சம்மன். கான்ஸ்டபிள் ஸ்டாம்ப் பேடோடு வந்தான். பேட் வேண்டாம் என்றேன். பேனா வாங்கி, தமிழில் எத்திராஜ் என்று போட்டேன். சர்க்கார் காகிதத்தில் முதல் கையெழுத்து.

"ஏய், நம்ம ஹெப்பெட்டு தாத்தா சைன் போட்டாருப்பா!" ரோடு முழுக்கக் கேட்டது. கன்னடத்தில் ஹெப்பெட்டு என்றால் கட்டைவிரல். ஸ்டேஷனில் எனக்கு அதுதான் பெயர்.

சம்மன் கன்னடத்தில். பேசுவேன், எழுத்து தெரியாது. சிரஸ்தார் சார் (தாலுகா ஆபீஸில் ரிடையர் ஆனவர், வேட்டி வாங்க வந்தார்) வாசித்தார். முகம் மாறிவிட்டது.

"எத்திராஜ், நாலு வருஷம் முந்தி புடிச்சாங்களே சிலோன் பையன், ரவி. அவன் கேஸ்ல நீ சாட்சி. வர்ற திங்கக்கிழமை கோர்ட்."

ரவி பக்கத்துத் தெரு மாடி ரூமில் இருந்தவன். பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் கட்டிங் வேலை. ஞாயிறு தோறும் இரண்டு சட்டை. காலரைத் தூக்கி உள்பக்கமும் தேய்க்கச் சொல்வான்.

நான் எப்படிச் சாட்சி? கைநாட்டால். ரைட்டர் (ஸ்டேஷன் காகிதமெல்லாம் எழுதும் ஹெட் கான்ஸ்டபிள்) தாளோடு ரோட்டைத் தாண்டி வருவார். "தாத்தா, ஒரு ஹெப்பெட்டு." வைப்பேன். டீ வரும். தாளில் என்ன என்று கேட்டதில்லை.

ஞாபகம் இருப்பவை:
1. சைக்கிள் திருட்டு. ஆள் தெரியாது.
2. சாராயம், இரண்டு கேன்.
3. கத்தி. ரைட்டர் காட்டினார். புதுசு. சுற்றிய பேப்பர் கூடப் பிரிக்கவில்லை.
4. பூக்காரி மகன். என்ன பொருள் தெரியாது.
5. மறுபடி சாராயம்.
6. வெறும் தாள். எழுத்தே இல்லை.
7. ரவி.
இன்னும் இருக்க வேண்டும். இடம் விடுகிறேன்.

6-6-95, செவ்வாய்

வெயில் கொஞ்சம். துணி சுற்றி வந்த பழைய தமிழ்ப் பேப்பரில் 'ஜாமீன்' என்ற சொல். யாரும் சொல்லித்தராமல் வாசித்துவிட்டேன். துள்ளவேண்டும் போல இருந்தது. அப்புறம்தான் அர்த்தம் நினைவு வந்தது. ரவிக்கு அது கிடைக்கவில்லை. நாலு வருஷமாக.

சிரஸ்தார் சாரிடம் கேட்டேன். "அவனப் புடிச்ச சட்டமே போன மாசத்தோட முடிஞ்சுடுச்சுன்றாங்களே. பையன் வெளிய வந்துடுவானா சார்?"

"எங்க வர்றது? சட்டம் செத்துப்போச்சு. உயிரோட இருந்தப்ப புடிச்சது புடிச்சதுதான். கேஸ் நடக்கும்."

உடுப்புக்குக் காத்திருந்த கான்ஸ்டபிள்: "தேசத்துக்கே ஆபத்துன்னா கோர்ட்டு கீர்ட்டுன்னு உக்காந்திருக்க முடியுமா சார்?"

"யாருய்யா ஆபத்து? தில்லியே அந்த ஊர் பசங்களக் கூப்ட்டு துப்பாக்கி சுடக் கத்துக்குடுத்துச்சு. அப்புறம் அதே தில்லி பட்டாளத்த அனுப்பிச்சு. இப்ப சிலோன் தமிழ் பேசினாலே உள்ள. தில்லி சட்டை மாத்தறப்பல்லாம் துணி வெட்டறவன் தோல மாத்திக்கணுமா?"

"சட்டை சமாச்சாரம் தாத்தாவக் கேளுங்க."

எல்லாரும் சிரித்தோம். நானும்.

8-6-95, வியாழன்

ரவியின் வக்கீல் வந்தார். சுமா என்று பெயர். கன்னடக்காரர். சின்ன வயசு. செருப்பெல்லாம் சேறு. அந்தத் தாளின் ஜெராக்ஸ் கொண்டுவந்து, தமிழாக்கிச் சொன்னார். 'இந்தச் சாட்சியின் முன்னால், குற்றவாளி ரூமில், கட்டிலுக்குக் கீழே, ஒயர்லெஸ் செட் ஒன்று, மேப் ஒன்று, பேட்டரி நாலு. சாட்சிக்குத் தமிழில் படித்துக் காட்டினோம். சரி என்றார்.' கீழே என் கட்டைவிரல். நடுவில் தழும்பு, பெட்டி சுட்டது. என்னுடையதுதான்.

அந்த ரூமின் படியைக் கூட நான் மிதித்ததில்லை. அன்று எஸ்.ஐ. பேண்ட் தேய்த்துக்கொண்டிருந்தேன். விரலை வண்டித் துணியில் துடைத்தேன். நீலக் கறை இரண்டு வெளுப்புக்குப் போகவில்லை.

"நிஜம் சொல்லுங்க அஜ்ஜா. அஷ்டே, அவ்ளோதான். வேற ஒண்ணும் கேக்கல."

அவர் போனதும் ரைட்டர் வந்தார்.

"என்ன தாத்தா, வக்கீலம்மா சீரெ தேய்க்கக் குடுத்தாங்களா?"

"இல்லீங்க."

"பதினாறு வருஷமா இந்த வண்டி யார் பேர்ல நிக்குது?"

"உங்க பேர்லதான்."

"ஹௌதா? திங்கக்கிழமை 'ஆமா'ன்னு ஒரே வார்த்தை. படிச்ச ஆளாயிட்டே. புத்தியும் வரணுமில்ல?"

தேய்த்த சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் மல்லிகாவிடம் சொன்னேன். மகள். ஏழாவது வரை படித்தவள். "நமக்கு எதுக்கு நைனா ஊர் வம்பு? வண்டி போச்சின்னா இன்னா பண்ணுவ?" குழம்பில் உப்பு அதிகம். சொல்லவில்லை.

9-6-95, வெள்ளி

பூக்காரி வந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் வண்டிக்குச் சாமந்தி செருகுவாள். இன்றும். "நல்லா ஓடட்டும் தாத்தா." அவள் மகன்தான் பட்டியலில் நாலாவது. இரண்டு வருஷம் உள்ளே இருந்தான். திரும்பி வந்தவன் யாரோடும் பேசுவதில்லை. யார் கைநாட்டு என்று அவளுக்குத் தெரியாது.

அவளைப் பார்த்ததும் பட்டியலில் விட்டுப்போனவர்களும் நினைவு வந்தார்கள். ஒரு பஸ் கண்டக்டர். ஒரு சாயபு, பழ வண்டிக்காரர். பட்டியலுக்குக் கீழே விட்ட இடத்தில் போய் எழுதினேன். மொத்தம் ஒன்பது. 'கைநாட்டு' இப்போது பார்க்காமலே எழுத வருகிறது. சந்தோஷம். சந்தோஷப்பட வேறு சொல் கிடைக்கவில்லை எனக்கு.

12-6-95, திங்கள்

வெள்ளைச் சட்டை. மல்லிகா தேய்த்துக் கொடுத்தாள். என் பெட்டியை இதற்கு முன் அவள் தொட்டதில்லை.

கோர்ட் வராந்தா பெஞ்சில் ஒரு அம்மா. ரவியின் தாய். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து வந்திருக்கிறார். அத்திபெலே எல்லையில் பஸ்ஸை விட்டு இறக்கி விசாரித்தார்களாம். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஐயா, நீங்களோ அந்தக் கைநாட்டு வைச்சனீங்கள்?"

"ஆமாம்மா."

தலையை ஆட்டினார். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். வேறு எங்கே போவது.

ரவிக்கு முன்மண்டை வழுக்கை. சட்டை கசங்கல். முப்பது வயதுகூட இருக்காது.

கூண்டில் சொன்னேன். கைநாட்டு என்னது. ரூமுக்கு நான் போகவில்லை. ஒயர்லெஸ் எதுவும் பார்க்கவில்லை. தாளை யாரும் படித்துக் காட்டவில்லை. அப்போது எனக்கு எழுத்தும் தெரியாது. சுமா ஒரு பெருமூச்சு விட்டார்.

சர்க்கார் வக்கீல் எழுந்தார். நான் அவர் பக்கத்துச் சாட்சி, மாற்றிச் சொல்கிறேன், அதனால் அவரே என்னைக் குறுக்கு விசாரணை பண்ண வேண்டும் என்றார். ஜட்ஜ் சரி என்றார். மொழிபெயர்க்க ஒரு குமாஸ்தா. பாதி எனக்கே புரிந்தது.

"எழுத்து தெரியாது?"

"அப்ப தெரியாதுங்க."

சம்மனைத் தூக்கிக் காட்டினார். என் கையெழுத்து. "இது யாரு போட்டது?"

"நான்தான்." சொல்லும்போது பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"இவ்வளவு அழகா சைன் போடறவர் போலீஸ்கிட்ட கட்டைவிரல் வெச்சாராம். இதுல பொய் சொல்ற ஆளு ரூம் விஷயத்துல நிஜம் சொல்வாரா சுவாமி?" பின்னால் சிரிப்பு. ரைட்டரும் அங்கே.

"போன வருஷம்தாங்க கத்துக்கிட்டேன்."

"ப்ரூஃப்?"

"நோட்டு இருக்குங்க. டீச்சர் சிவப்பு மையில தேதி போட்டிருக்காங்க. மொத பக்கத்திலிருந்து."

ஜட்ஜ் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். புதன்கிழமை நோட்டோடு வரச் சொன்னார். ரவி கூண்டுக்குள்ளிருந்து என் கையையே பார்த்தான்.

13-6-95, செவ்வாய்

மறுபடி தூறல். வண்டி போட்டேன். ஸ்டேஷனிலிருந்து ஒரு துணியும் வரவில்லை. சனிக்கிழமையே கொடுத்த எஸ்.ஐ. பேண்ட் இரண்டு மட்டும். டீக்கடைக்காரன் என் பக்கம் பார்க்கவில்லை.

சுமா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரியாது. சிவப்புத் தேதியைப் பார்த்துச் சிரித்தார். முதல் பக்கம், முதல் 'அ', 7-8-94. ரவியைப் பிடித்து மூன்று வருஷம் கழித்து. "போதும் அஜ்ஜா. இது போதும்."

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நானே சொன்னேன். ஒன்பதையும். சிரிப்பு நின்றது.

"இது கோர்ட்டுக்குப் போனா உங்க மேலயே கேஸ் வரலாம். நான் ரவி வக்கீல். குடுங்கன்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு தாள் குறைஞ்சாலும் அவங்க சும்மா விடமாட்டாங்க."

சாயங்காலம் மல்லிகா பட்டியலை வாசித்தாள். விரல் வைத்து, ஒவ்வொன்றாக. நாலாவதில் நின்றாள். "பூக்கார அக்கா புள்ளையா?" அப்புறம் பிளேடு கொண்டுவந்தாள். "இந்த ஒரு தாள எடுத்துடு நைனா. யாருக்குத் தெரியப்போவுது?"

நோட்டைப் பிரித்துப் பார்த்தோம். நடுவில் பின் அடித்த நோட்டு. என் பட்டியல் இருக்கும் கடைசித் தாள், டீச்சரின் முதல் தாள், இரண்டும் ஒரே தாள், மடித்தது. பட்டியலை உருவினால் 'அ'வும் தேதியும் கூடவே வரும். பிளேடால் அறுத்தால் ஓரம் நிற்கும். இங்கே என்ன இருந்தது என்று கேட்பார்கள். தெரியாது என்பேன். அது பத்தாவது கைநாட்டு.

பிளேடைத் திருப்பிக் கொடுத்தேன். மல்லிகா அழுதாள். பிறகு அரிசி களைந்தாள்.

நாளைக்கு நோட்டு கோர்ட்டில். திரும்பி வராது. டீச்சரிடம் வேறு நோட்டு கேட்க வேண்டும். கரி கொஞ்சம்தான் இருக்கிறது. சட்டை அதே வெள்ளைதான்.

பட்டியல் பக்கத்துக்குப் போனேன். ஒன்பதாவதுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. எத்திராஜ் என்று கையெழுத்துப் போட்டேன். யாரும் கேட்காமல்.

எஸ்.ஐ. பேண்ட் இரண்டு பாக்கி. காலையில் தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.