பூந்தி பிறாண்டிய கதவு

விஸ்வநத்தம்
ஆவணி 22

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு அப்பா மாரிசாமி எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே நல்ல சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. மஸ்கட்டில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் நர்சுப் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை இருப்பாள். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பதறாதே. போன் என்றால் பாதியிலேயே உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், மீதியைச் சொல்ல எனக்கும் வாய் வராது. ஊர்க்காவலன் மாமா மகன் வெள்ளிக்கிழமை அங்கே விமானம் ஏறுகிறான், சேவுப் பொட்டலத்தோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் பூந்தியைப் பற்றியது. முந்தின வருஷம் கோடையில் லீவுக்கு வந்தவள் எம். புதுப்பட்டி விலக்கில் கிடந்த நாய்க்குட்டியைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிவந்து எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அந்தக் கழுதை ஆறு மாதமாக வீட்டை ஒருவழி பண்ணிவிட்டது. செருப்பு போச்சு, டிவி ரிமோட் போச்சு, பின்கதவின் அடிப்பலகையை ஒரு சாண் உயரத்துக்குப் பிறாண்டி நார் நாராகக் கிழித்து வைத்திருக்கிறது. நான் வேலை விட்டு வந்ததும் கதவைக் காட்டி நாலு சாத்து சாத்துவேன். அது காதை மடக்கித் தரையோடு ஒட்டும், செய்த தப்பு தெரிந்துதானே பம்முகிறது என்று இன்னும் இரண்டு போடுவேன். போன மாதம் கேஸ் அடுப்பு டியூபையே கடித்துவிட்டது. நாளெல்லாம் வெடிமருந்தோடு புழங்குகிறவர்கள் நாம், அம்மா நடுங்கிப்போய், “ஒண்ணு இந்த நாயி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்று சொல்லிவிட்டாள். உன்னிடம் சொல்லாமல் அதை வெம்பக்கோட்டை அணைப் பக்கம் என் சேக்காளி சங்கிலிமுத்துவின் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டேன். நீ போனில் பூந்தியைக் காட்டச் சொன்னபோதெல்லாம் தூங்குகிறது என்று சொன்னது பொய் தாயீ.

நாலாவது நாள் சங்கிலிமுத்து கூப்பிட்டான். ஒரு துரும்பைக்கூட அது கடிக்கவில்லையாம், கிணற்றடியில் கோழிகளோடு கோழியாகப் படுத்துக் கிடக்கிறதாம். “ஏலே மாரிசாமி, இது தங்கமான நாயிலே. கோளாறு ஒன் வீட்லதான் இருக்கு” என்றான். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவிடம் சொன்னதும் அவள் யோசித்துப் பார்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் அது எதையுமே கடித்ததில்லை என்றாள். முழங்கால் வலியால் கம்பெனிக்குப் பட்டாசு லேபிள் ஒட்டப் போகாமல் அவள் வீட்டில் படுத்திருந்த அன்றும் மதியம் வரை சமர்த்தாக இருந்ததாம், நாலு மணிக்கு மேல்தான் பைத்தியம் பிடித்தாற்போலக் கதவைப் பிறாண்டியதாம். நாலு மணிக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கம் கம்பெனி பொட்டலில் அன்றைய சரக்கில் சாம்பிள் எடுத்து வெடித்துப் பார்ப்போம், சீசன் நேரத்தில் ஒருநாள்கூடத் தப்பாது. திரியில் நெருப்பு வைக்கிற போர்மேன் உன் அப்பன்தான்.

அதோடு விடவில்லை நான். குட்டியாக இருக்கும்போதே அது சத்தத்துக்கு ஒடுங்கும். வெடிக்காரன் வீட்டு நாய் வெடிக்குப் பயந்தால் ஊர் சிரிக்காதா என்று தினமும் அதன் சோற்றுத் தட்டுப் பக்கத்தில் ஒரு குருவி வெடியைக் கொளுத்திப் பழக்கினேன். யோசனை கேட்கப் போன இடத்தில் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் இதைப் பெருமையாகவே சொன்னேன், உன் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அவள் கோபப்படவில்லை. அது திமிரில் கடிக்கவில்லை ஐயா, தப்பி ஓட வழி தேடியிருக்கிறது என்றாள். எப்போதோ கடித்ததற்கு எப்போதோ அடித்தால் அதற்கு எதுவும் புரியாதாம், காதை மடக்கியது குற்றத்தால் இல்லையாம், என் கையைப் பார்த்த பயமாம். அன்று பஸ்ஸில் வரும்போது என் கையை நானே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது பூந்தி வீட்டுக்கு வந்துவிட்டது. நாலு மணிக்கு முன்னால் நடு அறையில் உன் பழைய போர்வையை விரித்து, டிவியை ஓடவிட்டு, கடிக்க ஒரு எலும்பும் போட்டு அம்மா கூடவே உட்கார்ந்திருக்கிறாள், லேபிள் வேலையையும் வீட்டுக்கே வாங்கி வந்துவிட்டாள். அடுப்படிக்கு ஒரு தடுப்பு அடித்துவிட்டேன். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி வெடிச் சத்தத்தைப் போனில் பிடித்து வந்து, காதுக்கு எட்டியும் எட்டாமலும் வைத்து, அவித்த முட்டையைப் பிட்டுப் பிட்டுக் கொடுக்கிறேன், அது மிரண்டால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். முப்பது வருஷமாகச் சத்தம் பத்தவில்லை என்று பையன்களைத் திட்டியவன் இப்போது சத்தத்தைக் குறைத்துக் குறைத்து வைக்கிறேன் என்று அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. கதவைப் பிறாண்டி பதினோரு நாள் ஆகிறது.

நேற்று அந்தக் கதவுக்குப் பலகை அடிக்கக் குனிந்தபோதுதான் உன் ஞாபகம் வந்தது. சின்னப்பிள்ளையில் என் கையில் ஒட்டிய வெள்ளி மருந்தைப் பார்த்து அப்பா கை நட்சத்திரம் என்பாயே. சீசன் முடிந்து கம்பெனியில் கொடுக்கிற பட்டாசு கிப்ட் பெட்டியை நான் தோளில் வைத்து வந்தால் தெருமுக்கு வரை ஓடி வருவாய், ஆனால் பெட்டியைப் பிரித்ததும் காணாமல் போய்விடுவாய். உனக்கு ஐந்து வயசுத் தீபாவளியில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தவளை இழுத்து வந்து கையைப் பிடித்துச் சரவெடியைக் கொளுத்த வைத்தேன். வெடித்து முடித்துப் பார்த்தால் புதுப்பாவாடைக் கரையை அத்தனையும் கடித்துக் குதறியிருந்தாய். நல்ல நாளும் அதுவுமாகப் புதுத்துணியை நாசம் பண்ணிவிட்டாள் என்று உன்னை அடித்தேன். அதையே இத்தனை வருஷமாக எல்லோரிடமும் வேடிக்கைக் கதையாகச் சொல்லியும் வந்தேன், நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாய்.

நீ மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய் ஏழு வருஷம் ஆகிறது. பொங்கலுக்கு வந்திருக்கிறாய், கோடையில் வந்திருக்கிறாய், ஒரு தீபாவளிக்கும் வந்ததில்லை. லீவு கிடைக்கவில்லை என்பாய், நானும் நம்பினேன். என்னை மன்னித்துவிடு தாயீ. இந்த வருஷம் நம் வாசலில் ஒரு கம்பி மத்தாப்புகூடக் கிடையாது. தெருவை அடக்க என்னால் முடியாது, அதனால் மூன்று நாளைக்குச் சங்கிலிமுத்து தோட்டத்துக்குப் போய்விடலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், சத்தம் அங்கே எட்டாது. பூந்தியும் நாங்களும் போகிறோம், நீயும் வா. வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, லீவு இல்லை என்று மட்டும் இனிமேல் சொல்லாதே. பயமாக இருக்கிறது அப்பா என்று சொல், நான் அடிக்க மாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே, சேவை ஒரே நாளில் தின்று தீர்த்துவிடாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
ச. மாரிசாமி