தொன் லாம்பேருக்கு வந்த மலர்வளையம்

அன்புள்ள பிதெலினாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். இங்கே ஹோண்டுராசில் நான் நலமாகவே இருக்கிறேன்.

பிரஸ்ஸல்சில் வங்கி நடத்திய எங்கள் முதலாளி தொன் லாம்பேர், இங்கே வாங்கிய வாழைத்தோட்டத்தை அதில் உழைக்கும் நாற்பது குடும்பங்களுக்கே எழுதி வைத்துவிட்டார். பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பெயர் எழுதிய மலர்வளையம் ஒன்று வாசலில் கிடந்தது. பயப்படாதே, யாரோ விளையாட்டுக்குச் செய்திருப்பார்கள்.

அவர் சிரித்துக்கொண்டே, "பூ நல்லாத்தான் இருக்கு, தண்ணி தெளிச்சு வை" என்றார். மறுநாள் காவல்காரர்கள் இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள்.

இன்று பத்திரங்களைக் கொடுக்கும் நாள். "நீ வரவேணாம் யூசேபியோ, வண்டிய நானே ஓட்டிக்கிறேன்" என்றார்.

"எதிர்ல மாடு வந்தாலே உங்களுக்குத் தெரியாது ஐயா. பேசாம ஏறுங்க" என்றேன்.

நீ வறுத்து அரைக்கும் காபித்தூள் கொஞ்சம் அனுப்பு. சின்னவளின் புதுப் படம் ஒன்றும் வை. என்னிடம் இருப்பது சட்டைப்பையிலேயே கிடந்து முகம் அழிந்துவிட்டது.

ஐயா ஹாரன் அடிக்கிறார், போகவேண்டும். பத்து வருடமாகப் பின்னால் உட்கார்ந்து வந்தவர், இன்று முன்னால் என் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

உன்
யூசேபியோ