தானாகச் சரியாகாத கணினி

அன்புள்ள அம்மாவுக்கு,

முதுகுவலி குறைந்ததா? நான் நலம்; ஆத்திரம்தான் குறையவில்லை. பள்ளிக் கணினி ஓடும்போதே நின்றுவிடும். மெமரிக்குப் போகும் மின்னழுத்தம் நடுங்குவதை மீட்டரில் பார்த்தேன். பக்கத்தில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராகத் தரும் கண்டென்சர் உப்பியிருந்தது. நம் ரேடியோக் கடையில் நீங்கள் செய்வதுபோல் மாற்றினேன். பற்றவைக்கும்போது சூடு பட்டு விரலில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான். இப்போது நிற்காமல் ஓடுகிறது.

கம்ப்யூட்டர் சாரோ, "பெரிய இன்ஜினீயரம்மா, அது தானா சரியாயிடுச்சு. இனிமே இந்த ரூம் பக்கம் வராதே" என்கிறார். தானாக எப்படி அம்மா சரியாகும்?

இன்னொரு கண்டென்சரும் உப்பத் தொடங்கியிருக்கிறது. மறுபடி நின்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். அதனால் புதிதாக இரண்டு அனுப்புங்கள். உங்கள் பழைய புடவைத் துணியில் சுற்றி அனுப்புங்கள்; துணியைத் திருப்பித் தரமாட்டேன்.

விடுதியில் சாப்பாட்டு மணி அடிக்கிறது.

உங்கள் மகள்