அஞ்சல்தலைகளைத் திருப்பி அனுப்பவும்

செப்டம்பர் 3, செவ்வாய்

பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டைகள் நூற்றிருபதிலும் அடித்த அச்சு காய்ந்துவிட்டது. மூன்று சட்டையில் ஏழாம் எண் தலைகீழாக விழுந்திருக்கிறது. புத்தி பட்டறையில் இருந்தால்தானே.

மதியம் எங்கோஸைப் பார்க்கப் போனேன். தொண்டையில் புற்று. இருபத்தாறாம் தேதி குரல்வளையை முழுசாக எடுத்துவிடுகிறார்கள். இப்போதே பேச்சு வெறும் காற்றாகத்தான் வருகிறது, வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டும். பாண்டுங்கில் ஹார்ட்கோர் பங்க் என்ற அலறல் பாட்டுப் பாடியவர்களில் மைக் செத்துப் போனாலும் பின்சுவர் வரை கேட்டது இவன் குரல் ஒன்றுதான். அவனுக்குப் பின்னால் டிரம்ஸ் அடித்தவன் நான், எனக்குத் தெரியாதா?

மகள் கினாந்தி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. அப்பா பாடி அவள் கேட்டதே இல்லை.

"டிக்டிக், நம்ம கேசட்டு எங்கயாவது கெடைக்குமாடா?"

"இத்தனை வருஷம் கழிச்சா?"

"வெட்டுறதுக்கு முன்னாடி ஒருதரம் கேக்கணும். இவளும் கேக்கணும். முன்னாடி கேட்டா அது என் குரல். அப்புறம் கேட்டா செத்தவன் குரல்டா."

தேடுகிறேன் என்று சொன்னேன். கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

செப்டம்பர் 5, வியாழன்

வேலையை ஓரம் கட்டிவிட்டு நாள் முழுக்க இணையத்தில். குழுவின் பெயர் 'முட்டுச்சந்து'. ஆட்கள் மூன்று பேர்: எங்கோஸ், கிதார் ருஸ்மன், நான். 1997-இல் பதிவு செய்த ஒன்பது பாட்டு, மொத்தம் பதினான்கு நிமிடம்.

கிடைத்தவை: எங்கள் பெயரைத் தப்பாக எழுதிய ஒரு நிகழ்ச்சித் துண்டறிக்கை. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு புகைப்படம். 2009-இல் யாரோ ஒரு பிரேசில்காரர், "இந்தோனேசியாவின் முட்டுச்சந்து கேசட் யாரிடமாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே ஒரே ஒரு பதில், 2016-இல்: "நானும் தேடுகிறேன்."

நானும்தான் தேடுகிறேன், ஐயா.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஒன்றுமில்லை. பழைய சுட்டிகளில் பாதி செத்துக் கிடக்கின்றன.

செப்டம்பர் 11, புதன்

இந்த நோட்டில்கூட நான் எழுதாத விஷயம் ஒன்று இருக்கிறது. இன்று எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்?

அந்த கேசட் பெல்ஜியத்துக்குப் போக வேண்டியது. அங்கே ஒருவர் இசைத்தட்டாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார். நகல் எடுக்கும் டெக் பழுது. அவர் கொடுத்த கெடு முடிய நான்கு நாள்தான் பாக்கி. மூலத்தையே அனுப்புவது என்று முடிவு செய்தோம். ருஸ்மன் புத்தம்புது அஞ்சல்தலைகள் வாங்கி, பதிவுத் தபாலில் போடப் புறப்பட்டான். நான்தான் மறித்தேன். "குடுடா, நான் அந்தப் பக்கம்தான் போறேன்."

அப்போதெல்லாம் கேசட் மாற்றிக்கொள்கிற நாங்கள் யாரும் புதுத் தலை ஒட்டமாட்டோம். தலையின் மேல் பசை பூசி அனுப்புவோம். வாங்குகிறவர் அவற்றைத் திருப்பி அனுப்புவார். தண்ணீரில் போட்டால் பசையோடு முத்திரை மையும் கழன்றுவிடும். ஒரே தலை நாலு தடவை உலகம் சுற்றும். அரசாங்கத்தை ஏய்ப்பதில் எங்களுக்கு அப்படி ஒரு பெருமை.

நான் புதுத் தலைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஏற்கெனவே இரண்டு முறை போய் வந்த தலைகளை உறையில் ஒட்டி, பசை பூசி, பெட்டியில் போட்டேன். பதிவுத் தபாலும் இல்லை. அந்த வகைத் தலைகளைப் பதிவு வரிசையில் நீட்டினால் குமாஸ்தா கண்டுபிடித்துவிடுவாரே!

கேசட் போய்ச் சேரவில்லை. மூன்று மாதம் கழித்து எங்கோஸ் கேட்டான். ருஸ்மன் என்னைக் கைகாட்டினான். நான் சொன்னேன்... சொன்னேன், "நான் அப்பவே ருஸ்மன்கிட்ட திருப்பிக் குடுத்துட்டேன்."

அவ்வளவுதான். அடுத்த நிகழ்ச்சியில் இருநூறு பேர் முன்னால் எங்கோஸ் அவனைத் திருடன் என்றான். வேறு குழுவுக்கு விற்றுவிட்டான் என்றான். மைக்காலேயே அடித்தான். ருஸ்மனின் புருவம் கிழிந்தது. நான் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. ஏன்டா எழுந்திருக்கல? இருபது வயசுல அப்படி என்னடா பயம் உனக்கு?

அந்த வருடமே ருஸ்மன் கடல் தாண்டி பாலிக்பாப்பானுக்குப் போய்விட்டான். அப்புறம் கிதாரைத் தொடவில்லையாம்.

செப்டம்பர் 14, சனி

கிடைத்துவிட்டது.

பழைய கேசட்டுகளை ஏற்றும் ஒரு தளம். யோரிஸ் என்று ஒரு பெல்ஜியக்காரர். பழைய சாமான் சந்தையில் வாங்கிய பெட்டிக்குள் பிரிக்காத உறை ஒன்று இருந்ததாம். நாற்பது வினாடி மட்டும் போட்டிருக்கிறார். கேட்டேன். எங்கோஸ்தான். என் எங்கோஸ். பட்டறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கீழே படங்கள். உறையின் மேல் என் கையெழுத்து. பசை மினுங்கும் ஆறு தலைகள், அவற்றின் குறுக்கே சிவப்புப் பென்சில் கோடு, பக்கத்தில் 'செல்லாது' என்ற சீட்டு. தபால் நிலையத்திலேயே முடக்கிப் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்த என் கடிதத்தையும் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். கடைசி வரி: "அஞ்சல்தலைகளைத் திருப்பி அனுப்பவும். அன்புடன், டிக்டிக்."

அதன் கீழ் யோரிஸ் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார். முப்பத்தோரு பேர் சிரித்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

யோரிஸுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. நல்ல மனுஷன். ஆனால் அந்தத் தளத்துக்கு ஒரு விதியாம்: குழுவில் உயிரோடிருக்கும் ஒவ்வொருவரும் தானே சம்மதம் எழுதி அனுப்பினால்தான் முழுப் பதிவும் வெளியே வரும். யாருடைய கூச்சலையும் அவரைக் கேட்காமல் கொடுப்பதில்லை.

நான், எங்கோஸ், ருஸ்மன். எங்கோஸிடம் எந்தத் தளம் என்று சொல்லாமலே ஒரு வரி எழுதி வாங்கிவிடலாம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ருஸ்மன் பெயரில் நானே ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கினேன். "எனக்குச் சம்மதம். ருஸ்மன்." தட்டச்சு செய்து முடித்துவிட்டேன். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல்.

எத்தனை தடவைடா அவன் பெயரை விப்ப?

அழித்தேன். இன்னும் ஒன்பது நாள்.

செப்டம்பர் 19, வியாழன்

ருஸ்மனின் அக்கா தெருமுனையில் சுராபி அப்பம் சுட்டு விற்கிறாள். அவளிடம் அவன் எண்ணைக் கேட்டேன். கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனக்கு?"

"அவசரம்க்கா. எங்கோஸுக்கு உடம்பு ரொம்ப முடியல."

"என் தம்பி புருவத்துல தையல் போட்டப்போ எந்த அவசரமும் இல்லியே உங்களுக்கு."

எண்ணைக் கொடுத்தாள். சுராபியும் ஒன்று கட்டிக் கொடுத்தாள், காசு வாங்கவில்லை. அது எனக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

பேசிவிட்டேன்.

ஏசி பழுது பார்க்கிறானாம். யார் வீட்டு மாடியிலோ நின்றிருந்தான், காற்று இரைந்தது. எங்கோஸ் விஷயத்தைச் சொன்னேன். கேசட் கிடைத்ததைச் சொன்னேன். அதற்கப்புறம் தலைகளைச் சொன்னேன், பொய்யைச் சொன்னேன். எல்லாவற்றையும் கடகடவென்று கொட்டினேன். அவன் மாடியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.

"நீ பொய் சொன்னது எனக்குத் தெரியும்டா. எங்கிட்ட நீ குடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா? தொலைச்சியா, வித்தியான்னுதான் தெரியாம இருந்துச்சு. ஸ்டாம்பு! இதுக்காடா?"

"மன்னிச்சிடு ருஸ்மன்."

"அதெல்லாம் அப்புறம். சம்மதம் எழுதி அனுப்புறேன், முகவரி குடு. ஆனா ஒண்ணு. இதை நீதான் எங்கோஸ்கிட்ட சொல்லணும். அவனுக்குக் குரல் இருக்கும்போதே சொல்லு. வாயாற நாலு வார்த்தை திட்டிட்டுப் போகட்டும்."

சரி என்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

பதினான்கு நிமிடமும் வந்துவிட்டது. முழுசாகக் கேட்டேன். மூன்றாவது பாட்டில் நான் தாளம் தவறியிருக்கிறேன். ருஸ்மன்தான் வேகத்தைக் குறைத்து என்னைப் பிடித்துத் தூக்கியிருக்கிறான்.

செப்டம்பர் 25, புதன்

ஆஸ்பத்திரி. காலை பத்து மணி. இயர்போனின் ஒரு முனையைக் கினாந்தியும் மறு முனையை எங்கோஸும் காதில் செருகிக்கொண்டார்கள். முதல் அலறலிலேயே அந்தப் பெண் திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இது நீங்களா? நிஜமா?"

அவன் தலையாட்டினான். கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமே வராத சிரிப்பு. ஒன்பது பாட்டுக்கும் வரிவரியாக வாயசைத்தான். ஒரு சொல் மறக்கவில்லை.

சொல்ல வாயெடுத்தேன். ஆண்டவன் அறிய வாயெடுத்தேன். நர்ஸ் வந்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், "அவரை ரொம்பப் பேச விடாதீங்க" என்றாள். அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கேர்ந்துடா கெடைச்சுது?" என்று காற்றாய்க் கேட்டான்.

"இணையத்துலதான்."

கினாந்தி என் கைபேசியை வாங்கி, அந்தப் பக்கத்தின் சுட்டியைத் தன் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டாள். தடுக்கவில்லை. வாசல்வரை வந்தவள், "தேங்க்ஸ் மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோழை. கோழை. கோழை.

செப்டம்பர் 26, வியாழன்

காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நான் வாசலில் நின்றேன். சொல்லவில்லை.

செப்டம்பர் 28, சனி

பிழைத்துவிட்டான். பார்க்க விடவில்லை. சட்டையில் எண் அடிக்க உட்கார்ந்து இன்னும் இரண்டைத் தப்பாக அடித்தேன்.

அக்டோபர் 2, புதன்

இன்று பார்க்க விட்டார்கள்.

கழுத்தில் துளை, அதில் குழாய். மடியில் குழந்தைகள் எழுதுகிற சின்ன வெள்ளைப் பலகை. நான் உட்காரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கோஸ், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா," என்று ஆரம்பித்தேன்.

கையை உயர்த்தி நிறுத்தினான். கினாந்திதான் பேசினாள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டார் மாமா. உங்க கடுதாசியைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் படிச்சார். அப்புறம் ருஸ்மன் மாமா நம்பரை அவங்க அக்காகிட்ட வாங்கித் தரச் சொன்னார். நர்ஸ் கத்தக் கத்தக் கேக்காம இருபது நிமிஷம் பேசினார். மன்னிச்சிடு மன்னிச்சிடுன்னு அதையேதான் சொன்னார். கடைசில காத்துகூட வரல. அந்தப் பக்கம் ருஸ்மன் மாமா அழுறது எனக்கே கேட்டுச்சு."

அப்படியானால் அவன் குரல் பேசிய கடைசிப் பேச்சு அது. நான் பேச வேண்டியது. இருபத்தேழு வருடமாக என் வாயில் இருந்த சொல்லை அவன் தன் வெந்த தொண்டையில் போட்டுச் சொல்லி முடித்திருக்கிறான்.

எங்கோஸ் பலகையில் எழுதினான். மெதுவாக, அழுத்தி எழுதினான். என் பக்கம் திருப்பினான்.

"உன்னைத் திட்டக் குரல் மிச்சம் இல்லை."

படித்துவிட்டேனா என்று பார்த்தான். பிறகு சட்டைக் கையால் துடைத்தான். மறுபடி ஏதாவது எழுதுவான் என்று காத்திருந்தேன். பேனாவை மூடிவிட்டு, கினாந்தியிடம் கை நீட்டி இயர்போனை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். விரல் மட்டும் பலகையில் தாளம் போட்டது. மூன்றாவது பாட்டில், நான் தவறிய இடத்தில் அது நின்று, ருஸ்மனுக்காகக் காத்திருந்து, மீண்டும் ஆரம்பித்தது.

சனிக்கிழமை ருஸ்மன் வருகிறானாம். கினாந்தி சொன்னாள்.

நாளைக்கு வா என்று எங்கோஸ் எழுதவில்லை. வராதே என்றும் எழுதவில்லை. நாளை போகிறேன்.