நான் உண்மையென்று சொன்ன வேலைக் கடிதம்

அனுப்புநர்:
கலாதேவி த/பெ சின்னையா,
புந்தோங், ஈப்போ, பேராக்.

பெறுநர்:
உயர்திரு ஆய்வாளர் தேவன் அவர்கள்,
விசாரணை அதிகாரி, வணிகக் குற்றப் பிரிவு,
மாவட்டக் காவல் தலைமையகம், ஈப்போ.

பொருள்: ‘பொன்வாசல் இல்லத் தொழில்’ என்ற பெயரில் நடைபெற்ற மோசடி, அதில் சந்தேகிக்கப்படும் திருமதி பிரமிளா, அவர் தங்களிடம் சொல்ல மறுத்துவரும் ஒரு பெயர் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

1. மேற்கண்ட ஊரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வசித்துவரும் எனக்கு வயது அறுபத்தொன்று. தையல் தொழில் செய்கிறேன். கோப்பெங்கிற்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரையே பயின்றேன். பின்னர் கற்றவை அனைத்தும் நாளிதழ்கள், ஓர் அகராதி, அரசாங்கப் படிவங்கள் ஆகியவற்றின் துணையோடு நானாகக் கற்றவை. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று அறிந்து இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். கோப்பிற்குத் தேவையான மலாய் மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டுள்ளது.

2. எங்கள் வீட்டு வரிசையில் உள்ளவர்கள் பெரும்பாலும் தோட்டங்கள் மூடப்பட்ட பின் இங்கு குடியேறியவர்கள். கையொப்பம் கேட்டு எந்தத் தாள் வந்தாலும் அது முதலில் என் தையல் மேசைக்கு வருவதே இங்குள்ள வழக்கம். நான் வாசித்துச் சரி என்றால் கையொப்பமிடுவார்கள். வேண்டாம் என்றால் மடித்து எடுத்துச் செல்வார்கள். காரணம் கேட்டவர் எவரும் இல்லை. இப்பணிக்காக நான் யாரிடமும் ஒரு சென் பெற்றதில்லை. பெருமை பெற்றிருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

3. பிரமிளா என் வீட்டிலிருந்து நான்கு வீடுகள் தள்ளி வசிப்பவர். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினார். அவருடைய கணவர் சுரேனுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்ததால், செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும் இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது. அவர்களிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள் மட்டுமே. திரும்பும் வழியில் சுரேன் மயங்கிச் சரிந்துவிடாதிருக்கத் தம் துப்பட்டாவால் அவரைத் தம் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பிரமிளா ஓட்டி வருவதை எங்கள் வரிசை முழுவதும் அறியும். இதன் பொருட்டே கடந்த ஜனவரியில் வேலையை விட்டு, வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய தொழில் தேடினார்.

4. அவ்வாறு தேடியபோது, மேற்கூறிய நிறுவனத்தின் பெயரில் நான்கு பக்கக் கடிதம் ஒன்று அவருடைய கைப்பேசிக்கு வந்தது. பிரமிளா மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், வாசிக்கவோ எழுதவோ வராது. அதை அச்செடுத்து என்னிடம் கொண்டுவந்து அவர் கூறிய சொற்களை மாற்றாமல் தருகிறேன்: “நீங்க ஒரு தடவ பாத்துட்டு சரின்னு சொன்னா போதும்கா, நான் கண்ண மூடிட்டு சைன் வச்சிர்றேன்லா.”

5. நான் பார்த்தேன். நிறுவன முகப்பு இருந்தது. பதிவு எண் இருந்தது. வட்ட முத்திரை இருந்தது. அதிலிருந்த தொலைபேசி எண்ணுக்கே அழைத்து, அந்நிறுவனம் உண்மையானதா என்று விசாரித்தேன். தினேஸ்வரி என்று தம்மை அறிமுகம் செய்துகொண்ட ஒரு பெண், ஆம் என்றார். திருடனின் வீட்டுக் கதவைத் தட்டி, இங்கே திருடன் உண்டா என்று கேட்டுத் திரும்பிய என் மதியீனத்தை இப்போது உணர்கிறேன்.

6. எனினும் என்னை மயக்கியது முத்திரையன்று. இந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் எங்கள் வரிசைக்கு வந்த கடிதங்கள் யாவும் மலாயிலோ ஆங்கிலத்திலோ வந்தவை. ஒரு நிறுவனம் எங்களை ‘மதிப்பிற்குரிய சகோதரி’ என்று விளித்து, பிழையற்ற செந்தமிழில் எழுதியது அதுவே முதன்முறை. இவ்வளவு நல்ல தமிழ் எழுதுபவர் தீயவராக இருக்க மாட்டார் என்று முடிவு செய்தேன். அந்த நான்கு பக்கங்களில் அவர்கள் எதைச் செய்கிறார்கள், எதை விற்கிறார்கள் என்று ஒரு வரியும் இல்லாததை நான் கவனிக்கவில்லை. வாடிக்கையாளர் செலுத்தும் தொகையைப் பெற்று அனுப்பும் ‘இல்லப் பிரதிநிதி’ என்று மட்டுமே எழுதியிருந்தது. அதற்காகப் புதிய வங்கிக் கணக்கைத் திறந்து, அதன் அட்டையையும் இரகசிய எண்ணையும் அனுப்பிவைக்கும்படி மூன்றாம் பக்கம் கேட்டது.

7. எச்சரித்தவர் இல்லாமலில்லை. அக்கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்த எழுதுபொருள் கடைக்காரர் திரு. ஷரபுதீனிடம் நான் மறுநாள் சென்று, அட்டையும் எண்ணும் அனுப்ப வேண்டியதைச் சொன்னபோது, “வேல குடுக்கறவன் பேங்க் நம்பர் கேப்பான், சரி. கார்டும் பின் நம்பரும் எதுக்குக்கா கேக்கறான்? என் கடையில வேல செய்யறவங்ககிட்ட நான் கேட்டதே இல்லையே” என்றார். முதலில் கடிதத்தை முழுமையாகப் படியுங்கள், பிறகு பேசலாம் என்று நான் சொன்னேன். “எனக்குத் தமிழ் அவ்வளவா படிக்க வராதுக்கா. என்ன வேலன்னு மட்டும் சொல்லுங்க, போதும்” என்றார். நானோ கடிதத்தின் முதல் வாக்கியத்தை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டிவிட்டு வந்தேன்.

8. பிரமிளா அட்டையை அனுப்பினார். முதல் மாதம் அவருக்கு முந்நூறு வெள்ளி சம்பளமாக வந்தது. இரண்டாம் மாதம் எதுவும் வரவில்லை. மூன்றாம் மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. யாரோ ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் ஏமாற்றிப் பறித்த சேமிப்பு, பிரமிளாவின் பெயரிலுள்ள கணக்கின் வழியாகவே கைமாறியது என்று தாங்கள் தெரிவித்த பிறகே, அந்த வேலை என்ன வேலை என்பது எங்களுக்குப் புரிந்தது. கடிதத்திலிருந்த எண் இப்போது இயங்கவில்லை.

9. இனி இம்மனுவின் காரணத்திற்கு வருகிறேன். பிரமிளாவின் கைப்பேசியில் அந்நிறுவனத்திற்கு அனுப்பப்பட்ட, கையால் எழுதிய ஏற்புக் கடிதம் ஒன்றின் படத்தைத் தாங்கள் கண்டெடுத்தீர்கள். தமிழ் எழுதத் தெரியாத பெண்ணின் பெயரில், தேர்ந்த தமிழில் எழுதப்பட்ட அக்கடிதத்தை எழுதியது யார் என்று மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் அவர் வாய் திறக்கவில்லை. கும்பலைச் சேர்ந்த ஒருவரை அவர் காப்பாற்றுகிறார் என்று தாங்கள் ஐயுற்றதில் தவறில்லை. தங்கள் இடத்தில் எவர் இருந்தாலும் அவ்வாறே எண்ணுவர்.

10. இந்த விசாரணை விவரம் எனக்கு நேற்றுவரை தெரியாது. சுரேன்தான் சொன்னார்: “வீட்டுல என்னய வாயத் தொறக்க விடமாட்டா. போலீஸ் பாலாய்ல போயி ஊமையாயிட்டா பாருங்கக்கா, ஒங்க பேரச் சொல்லமாட்டேங்கிறா.” உடனே அவர்கள் வீட்டிலேயே பிரமிளாவை அழைத்துக் கேட்டேன். சமையலறையிலிருந்து வெளியே வராமலே அவர் பதில் சொன்னார்: “சொன்னா ஒங்களையும் இழுத்து உக்கார வப்பாங்க. நீங்க நல்லதுக்குத்தான பாத்தீங்க. விடுங்கக்கா.”

11. என்னால் விட இயலவில்லை, ஐயா. எங்கள் தோட்டம் விற்கப்பட்ட ஆண்டில், தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியார் ஒரு தாளை வாசித்துக் காட்டி இது வெறும் சம்பளத் தாள் என்றார். என் தந்தை அவரை நம்பி விரல் ரேகை வைத்தார். வீட்டைக் காலி செய்ய ஒப்புக்கொண்ட தாள் அது என்பது லாரி வந்த பின்னரே தெரிந்தது. இனி எங்கள் குடும்பத்தில் எவரும் பிறர் கண்ணால் வாசிக்கக் கூடாது என்றே நான் எழுத்தைக் கற்றேன். அந்தக் கிராணியார் பொய் சொன்னாரா, அல்லது என்னைப் போல் தாமே நம்பித்தான் சொன்னாரா என்று நேற்றிரவு முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

12. எனவே தங்கள் மேலான கவனத்திற்கு நான் பணிவுடன் முன்வைப்பவை:

அ) வரும் வெள்ளிக்கிழமை பிரமிளா மீண்டும் விசாரணைக்கு அழைக்கப்பட்டுள்ளார். அதற்கு முன்பாக என் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டுகிறேன். எந்நேரம் அழைத்தாலும் வருவேன்.

ஆ) ஏமாற்றும் எண்ணத்தோடு அவர் அட்டையைக் கொடுக்கவில்லை என்பதற்கும், என் சொல்லை நம்பியே கொடுத்தார் என்பதற்கும் நானே சாட்சி. திரு. ஷரபுதீனும் தாம் அறிந்ததைக் கூறச் சம்மதித்துள்ளார். சட்டப்படி முடிவெடுக்கும் உரிமை தங்களுடையது. பிரமிளா தடுத்து வைக்கப்பட்டால், சுரேனைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேறு எவரும் இல்லை என்பதை மட்டும் தங்கள் நினைவில் கொள்ள மன்றாடுகிறேன்.

இ) அந்த நான்கு பக்கக் கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். எழுதியவரைக் கண்டுபிடியுங்கள். எங்களுக்குத் தமிழில் மரியாதையோடு எழுதினால் நாங்கள் எதையும் நம்புவோம் என்று அறிந்தவர் அவர். இதே கடிதம் வேறு வரிசைகளுக்கும் சென்றிருக்கும்.

ஈ) தாங்கள் மூன்று முறை கேட்ட கேள்விக்கு விடை இதுவே: ஏற்புக் கடிதத்தை எழுதியவள் நான். அதன் படத்தையும் இம்மனுவையும் அருகருகே வைத்துப் பார்த்தருள வேண்டுகிறேன். ஒப்பிடுவதற்கு ஏதுவாக இதனைத் தட்டச்சு செய்யாமல் என் கையாலேயே எழுதியுள்ளேன்.

இடம்: புந்தோங், ஈப்போ
நாள்: 16 ஜூன் 2025

பொறுப்பேற்றுக் கையொப்பமிடும்,
கலாதேவி த/பெ சின்னையா