ஆபீசருக்கு எல்லாம் தெரியுமாமே

அல்சூர், பெங்களூர்
14-9-1956

அன்புள்ள யசோதாவுக்கு, அய்யாவு எழுதிக்கொண்டது. இங்கே வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இதைச் சுகம் என்று எழுதலாமா தெரியவில்லை. உன் கால் வீக்கம் வடிந்ததா? நர்சம்மா டோரதி சொன்னபடி உப்பைக் குறை.

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் சினிமா! தங்கவயல் கிளப்பில் அந்த இங்கிலீஷ் யுத்தப் படம் போட்டார்களாம். உன் மாமன் மகன் பச்சைமுத்து கூட்டிப்போய், பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொன்னானாம். உன் அம்மாவும் வந்தார்கள் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அதை முதலிலேயே எழுதியிருந்தால் அன்று ஒருவேளைச் சோறாவது தின்றிருப்பேன்.

யசோதா, அது என் படம். எங்கள் தியேட்டரில் நான்தானே ஓட்டினேன்? மெஷின் ரூம் ஓட்டை வழியாக அறுபது தடவை பார்த்தவன். எதிரி பிடித்த துறைமுகத்தில் கதாநாயகி கடிகாரக் கடை வைத்திருக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கடிகாரத்தின் முள்ளைத் திருப்பி வைத்து, கப்பல் எப்போது கிளம்பும் என்று தன் ஆட்களுக்கு வேவு சொல்கிறாள். எதிரிப் படை ஆபீசர் வந்து அந்தக் கடிகாரத்தையே பார்ப்பான். அவள் கை மேஜைமேல் அசையாமல் கிடக்கும். அறுபது தடவையும் எனக்கு மூச்சு நின்றது.

நான் உனக்குச் சொன்ன கதையில் ஆபீசர் மடையன். பச்சைமுத்து சொன்னதில் அவனுக்கு முதல் நாளே எல்லாம் தெரியுமாம், அவள்மேல் வைத்த ஆசையால் வாய் திறக்கவில்லையாம். ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்கிறாய். மெஷின் இரைச்சலில் வசனம் கேட்காது. கேட்டாலும் எனக்குப் புரியாது. கல்யாணமானது முதல் உனக்குச் சொன்ன இங்கிலீஷ் கதை அத்தனையும் என் சொந்தச் சரக்கு.

அவன் மைன்ஸ் ஆபீசில் டைப் அடிக்கிறவன், அவனுக்குப் புரியும். முறைக்காரன் வேறு. அவனுக்குத்தான் உன்னைக் கொடுப்பதாக இருந்தது என்று உன் அப்பா சீமந்தத்தன்று சிரித்துக்கொண்டே சொன்னார். என்னையும் மாமா என்கிறாய், அவனையும் மாமா என்கிறாய். ஆசை என்ற சொல்லை அவன் உன் காதில் எப்படிச் சொன்னான்? ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. தெரிந்தும் பேசாமல் இருக்க நான் அந்த ஆபீசர் இல்லை.

பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமே அனுப்பச் சொல்லி உன் அம்மாவிடம் கேள். ஐந்தாம் மாதம் என்றால் தாங்கமாட்டேன்.

கடைசியில் அவள் படகில் ஏறி, கரையில் நிற்கும் ஆபீசரைப் பார்த்து என்னவோ சொல்கிறாளே, எனக்கு உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. திரும்பி வருகிறேன் என்றாளா, வரமாட்டேன் என்றாளா? கடிதத்தில் எழுதாதே. நீயே வந்து சொல்லு.

இப்படிக்கு, நல்ல சேதிக்குக் காத்திருக்கும் உன் புருஷன்
அய்யாவு