ஒரு காது குட்டையான முயல்

அன்பு மகள் பிரின்சிக்கு அம்மா சொல்ல மோனிகா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உன் அப்பாவும் தங்கையும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் தினமும் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறேன். உன்னோடு வேலை செய்யும் விக்டோரியாவுக்கு லீவு முடிந்துவிட்டது, வியாழக்கிழமை ராத்திரி அங்கே கிளம்புகிறாள், அவள் கையில் மாங்காய்த் தொக்கும் நெத்திலிக் கருவாடும் உனக்கு இரண்டு நைட்டியும் கொடுத்தனுப்புகிறேன். போனில் எவ்வளவு பேசினாலும் காகிதத்தில் நாலு வரி பார்த்தால்தான் மனசு நிறைகிறது என்று நீ சொன்னதால் இந்தக் கடிதம். இங்கே அக்னி வெயில் ஆரம்பித்துவிட்டது, போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, குடிக்கக் கேன் தண்ணீர்தான். ஆரணி சித்தியின் மகளுக்கு நிச்சயம் முடிந்தது, மாப்பிள்ளைக்கு டயர் கம்பெனியில் வேலை. உன் அப்பாவுக்கு ஒரு மாதமாக ராத்திரியில் தூக்கம் இல்லை, அவருக்காக ஜெபமாலை சொல்லு. நைட் டியூட்டி முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுக்காதே, ஈரத் தலையோடு ஏசியில் உட்காராதே. மோனிகா ஒன்பதாவது முடித்துவிட்டு, கோயில் ஹாலில் நடக்கும் கோடை முகாமுக்குப் போய் நிறைய பொம்மை செய்கிறாள். அதில் ஒரு முயலை, ஒரு காது குட்டையாக இருக்கும், அதை உனக்கு வைத்திருக்கிறேன். உன்னிடமே இருக்கட்டும். லீவுக்கு வரும்போது திருப்பி எடுத்துவர வேண்டாம்.

அக்கா, இதுவரைதான் அம்மா சொன்னது. இனிமேல் எழுதுவது நான். கடைசியில் எழுத வேண்டிய ஆசீர்வாதத்தையும் சொல்லிவிட்டு, "அத்த மட்டும் முடிவுல எளுதி ஒட்டிடு, எனுக்கு கண்ண இழுக்குது" என்று அம்மா படுத்துவிட்டாள். நான் சமையலறைக் கதவைச் சாத்தி, எமர்ஜென்சி லைட்டின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். புதன்கிழமை ராத்திரி மணி பதினொன்றரை. அப்பா ராத்திரி ஷிப்டுக்கு ஆட்களைக் கம்பெனியில் விட்டுவிட்டு ஒரு மணிக்கு வருவார், அதற்குள் முடிக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே, வெளிச்சம் போதவில்லை. இதைப் பற்றிப் போனில் பேசாதே, அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுகிறார்.

அம்மா கிளவுஸ் துவைக்கிற வேலை எடுத்திருப்பது உனக்குத் தெரியும். அப்பா மேஸ்திரியாக இருக்கும் கம்பிக் கம்பெனியில் ஆட்கள் போட்டுக் கழற்றிய நூல் கிளவுஸ் வாரத்துக்கு ஒரு மூட்டை வரும். சோடாவில் ஊறவைத்துத் துவைத்து, மாடியில் காயவைத்து, வலது இடது பார்த்து ஜோடி சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஓட்டை விழுந்தது எல்லாம் எனக்கு. முகாமில் முதல் வாரம் காகிதச் சுருளில் கம்மல், இரண்டாவது வாரம் பாட்டிலில் பெயிண்டிங், மூன்றாவது வாரம் பிரேமா டீச்சர் "கடையில எதுவும் வாங்கக் கூடாது, ஊட்ல இன்னா கெடக்குதோ அத்த எட்டுகினு வாங்க" என்றார். நான் கிளவுஸ் எடுத்துப் போனேன். சுண்டு விரலும் ஆள்காட்டி விரலும் காது, நடுவில் இருக்கும் இரண்டு விரலையும் உள்ளே தள்ளித் தைத்துவிட வேண்டும், கட்டை விரல் கை, உள்ளே மெஷின் துடைக்கிற வேஸ்ட் பஞ்சு, சட்டைப் பொத்தான் கண். ஒரு முயல் செய்ய அரை நாள்கூட ஆகாது. எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை அக்கா, காலையில் ஊசியை எடுத்தால் அம்மா நாஷ்டாவுக்கு மூன்று தடவை கத்துகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். பதினொரு முயல் செய்து டிவி அலமாரியில் வரிசையாக உட்காரவைத்தேன், ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தேன். சாயங்காலம் மாடிக்குப் போனால் மட்டும் கொஞ்சம் பயமாக இருக்கும். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தால் கொடியில் காய்கிற கிளவுஸ் எல்லாம் காற்றை நிரப்பிக்கொண்டு விரலை விரித்து ஆடும், முன்னூறு கை ஒரே நேரத்தில் கூப்பிடுகிற மாதிரி.

ஏப்ரல் கடைசியில் வந்த மூட்டையில் ஒரு வலது கை மட்டும் தனியாக வந்தது. அம்மா மூட்டையைக் கொட்டிக் கொட்டித் தேடினாள், அதற்கு இடது கை இல்லை. அந்த வலது கையில் சுண்டு விரலை யாரோ பாதியில் மடித்து, சிவப்பு நூலால் தைத்து மூடியிருந்தார்கள். அந்த விரல் இல்லாத ஆள், கிளவுஸ் விரல் சும்மா தொங்கி எதிலும் மாட்டாமல் இருக்கத் தைத்துக்கொண்டது. தையல் அவ்வளவு அழகு அக்கா. மூன்று தையல் நேராகப் போய் நாலாவது ஒரு சின்னப் பெருக்கல் குறி, மறுபடி மூன்று, மறுபடி பெருக்கல். டீச்சரிடம் காட்டினேன், "இத்த தெச்சவன் கைல கலை கீது" என்றார். மணிக்கட்டில் ஒரு பழுப்புக் கறை, அம்மா மூன்று தடவை ஊறவைத்தும் போகவில்லை. கிரீஸ் என்று நினைத்துக் கறைமேல் ரிப்பன் கட்டி, அதையும் முயல் ஆக்கினேன். ஒரு காது மட்டும் குட்டையாக வந்தது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

அலமாரியில் வைத்த மறுநாள் காலையில் அந்த முயல் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மற்ற பதினொன்றும் வைத்தபடியே இருந்தன. விழுந்திருக்கும் என்று திருப்பி வைத்தேன். அடுத்த நாளும் சுவரைப் பார்த்துதான் இருந்தது, அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அம்மாவிடம் கேட்டால் "பல்லி தள்ளிக்கும், போடி" என்றாள். பல்லி எப்படித் தினமும் ஒரே முயலைத் திருப்பும். எட்டு நாள் அப்படி ஆனது. நான் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேனே தவிர, ஒரு ராத்திரிகூட எழுந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம், வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஒடிசாக்காரர், நாற்பது வயது இருக்கும், முன்னே திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்ததால் கொஞ்சம் தமிழ் பேசினார். அவர் தம்பி பேர் சுபல், அப்பாவின் கம்பெனியில்தான் வேலை, ஒரு மாதமாகப் போன் இல்லை. கேட்டால் கம்பெனியில் "எவளையோ இட்டுகினு ஓடிட்டான்" என்கிறார்களாம். போனில் போட்டோ காட்டினார். சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு ஆள், தோளில் சின்னக் குழந்தை, குழந்தையைப் பிடித்திருக்கும் வலது கையில் நாலு விரல். நான் சோற்றில் கை வைத்தபடியே அலமாரியில் இருந்த குட்டைக் காதைப் பார்த்தேன். அப்பா போட்டோவை நன்றாகக்கூடப் பார்க்கவில்லை. "எனுக்குத் தெரியாதுபா, ஆயிரம் பேர் வராங்க போறாங்க" என்றார். அந்த ஆள் கோபப்படவில்லை. "அண்ணே, செத்தா செத்தான்னு சொல்லு. அவன் பொண்டாட்டி தினம் தட்டுல சோறு எடுத்து வச்சு உக்காருது. ஒரு வார்த்தை சொல்லு, நான் போய்டறேன்" என்றார். அப்பா உள்ளே எழுந்து போய்விட்டார். அந்த ஆள் என்னைப் பார்த்து, வியாழக்கிழமை காலை ஏழு மணி லோக்கல் ரயில் வரைக்கும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில்தான் இருப்பேன், யாருக்காவது ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் அக்கா, ஆணியில் மாட்டியிருந்த அப்பாவின் சாப்பாட்டுப் பையைப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் அதன் காது அறுந்துபோய், "நம்ம ஆளு ஒருத்தன் தெச்சுக் குடுத்தான், தையக்காரன் தோத்தான் போ" என்று அப்பா பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார். போய்க் கிட்டத்தில் பார்த்தேன். சிவப்பு நூல். மூன்று நேர்த்தையல், ஒரு பெருக்கல், மூன்று நேர்த்தையல், ஒரு பெருக்கல். ஏப்ரலில் ஒருநாள் அப்பா விடியற்காலையில் வந்து, இருட்டில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குளித்தது ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பிறகு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்தக் கறை கிரீஸ் இல்லை அக்கா. சுபலுக்கு அடிபட்ட இடத்தில் எல்லாவற்றையும் கழுவி எடுத்தவர்கள் கிளவுஸை மட்டும் நினைக்கவில்லை. அது எப்போதும்போல மூட்டையில் விழுந்து, அப்பாவின் வண்டியிலேயே நம் வீட்டுக்கு வந்துவிட்டது.

இன்றைக்குச் சாயங்காலம் அம்மா அந்த முயலை எடுத்துப் பேப்பரில் சுற்றிக் கட்டி உனக்கு அனுப்பும் பையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை முகாம் கண்காட்சியில் அதைத்தான் வைக்கப்போகிறேன் என்று சொன்னேன். "வேற ஒண்ண வையி. அது இந்த ஊட்ல இருக்க வேணாம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமலே, "எளுது, அக்காவுக்கு எளுது" என்றாள்.

அக்கா, நடுவில் எழுதுவதை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. இப்போது மணி இரண்டேகால். அப்பா பன்னிரண்டரைக்கே வந்துவிட்டார். லைட்டை அணைத்துவிட்டுக் கதவு இடுக்கில் நின்றேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அலமாரிக்குப் போனார், போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு முயலாகப் பார்த்தார், பதினொன்றுதான் இருந்தன. அப்புறம் உன் பையைத் துழாவிப் பேப்பரைப் பிரித்து அதை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தது அப்பாதான் அக்கா, தினமும் அவர்தான். குட்டைக் காதை இரண்டு விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அம்மா தூங்கவில்லை. படுத்தபடியே, "நாளைக்கு அது கடல் தாண்டிப் பூடும். வந்து படு" என்றாள். "கடல் தாண்டினா? அவங்கண்ணன் இன்னும் ஸ்டேஷன்லதான் குந்திகினு கீறான்." "ரெண்டு பொண்ணுங்க கீதுங்க நமக்கு, நெனப்புல வச்சிக்கோ." அப்பா முயலை மடியில் வைத்துக்கொண்டு, "அவன வேன்ல ஏத்தனாங்க மேரி. எங்க கொண்டு போறீங்கன்னு ஒரு வார்த்த நான் கேக்கல" என்றார். அம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர் முயலை மறுபடி பேப்பரில் சுற்றி, முகம் கீழே இருக்கும்படி பையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். குறட்டைச் சத்தம் இன்னும் வரவில்லை.

நான் மெதுவாகப் போய் அதை எடுத்து வந்துவிட்டேன். பொத்தான் கண்களை வெட்டினேன், ரிப்பனை அவிழ்த்தேன், என் தையல்களைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுத்து, உள்ளே தள்ளியிருந்த இரண்டு விரலையும் நீட்டிவிட்டேன். சிவப்பு நூலை மட்டும் தொடவில்லை. முயல் போய்விட்டது அக்கா. இப்போது என் முன்னால் இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் ஒரு கை இருக்கிறது. லைட் ஆடும்போது அதன் விரல் அசைகிற மாதிரி தெரிகிறது, ஆனாலும் இதைத் துண்டால் மூட மனசு வரவில்லை.

முகாமுக்குச் சீக்கிரம் வரச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்குச் சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போகப்போகிறேன். யார் பேரையும் சொல்ல மாட்டேன், இதைச் சுபலின் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். தையலைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அப்பாவுக்கு என்ன ஆகும்? போலீஸ் வருமோ, கம்பெனிக்காரர்கள் வருவார்களோ தெரியாது. ஆனால் அங்கே ஒருத்தி தினமும் தட்டில் சோறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அதை நினைத்துக்கொண்டு என்னால் இன்னொரு முயல் தைக்க முடியாது. இது சரியா தப்பா என்று உன்னைக் கேட்க நேரம் இல்லை, நீ இதைப் படிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். நீ மட்டும் என்மேல் கோபப்படாதே.

நீ ஒரு உதவி செய்ய வேண்டும், மறந்துவிடாதே. உன் பையில் அதே பேப்பரில் வேறு முயலைச் சுற்றி வைத்திருக்கிறேன். அதற்கு இரண்டு காதும் ஒரே அளவு. பார்சல் வந்ததா என்று அம்மா போனில் கேட்பாள், முயல் எப்படி இருக்கிறது என்றும் கேட்பாள், அப்பாவும் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு காது குட்டையாக இருக்கிறது, பெட்டிமேல் வைத்திருக்கிறேன் என்று சொல். உடனே சொல், யோசித்துச் சொல்லாதே. இந்தத் தாள்களைப் படித்ததும் கிழித்துவிடு, முதல் தாளை மட்டும் வைத்துக்கொள். இனி அம்மா சொன்னபடி:

பிரின்சி, மாதா உனக்கு முன்னாலும் பின்னாலும் நடந்து வருவாள். வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. நீ எங்கே இருந்தாலும் என் இரண்டு கையும் உன் தலைமேல் இருக்கின்றன.

உன் அம்மா
ஆரோக்கியமேரி

எழுதியது மோனிகா